ரெண்டுங்கெட்டான் கை

மங்கையர்க்கரசியின் உடம்பிலிருந்து முதல் இரண்டு கிலோ காணாமல் போனது தை மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை ஏழு பத்து பாசஞ்சர் மருதேரியை விட்டுச் சாத்தனேரியை எட்டுவதற்குள், லேடீஸ் பெட்டியின் மூன்றாவது ஜன்னலோரத்தில், தனக்கு வந்த பதின்மூன்று சீட்டையும் அவள் ஒரு தடவை விரித்துப் பார்த்து, மூடி, முகம் தெரியாமல் கவிழ்த்து வைத்து, "ஸ்கூட்" என்று சொன்ன அந்த நொடியில். போனது அவளுக்கே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்களும் நிமிர்ந்து பார்க்கவில்லை, ஏனென்றால் பதினோரு வருஷமாக அந்தப் பெட்டியில் அவள் அதிகமாகச் சொன்ன வார்த்தையே அதுதான்.

அந்தப் பெட்டி ஒரு தனி ஊர். அவரைக்காய் கிள்ளுகிறவர்கள், பூக் கட்டுகிறவர்கள், நின்றுகொண்டே தூங்குகிறவர்கள், மாமியாரை வரிக்கு வரி அர்ச்சனை செய்கிறவர்கள் என்று சீசன் டிக்கெட் வாங்கிய அத்தனை பெண்களும் அங்கேதான் பாதி வாழ்க்கையை முடித்துக்கொண்டார்கள். மாசமானவளுக்கு வளைகாப்பும் ஓடுகிற ரயிலிலேயே நடந்தது, ஆயுத பூஜைக்கு ஜன்னல் கம்பிகளுக்குச் சந்தனமும் அங்கேயே பூசப்பட்டது. மூன்றாவது ஜன்னலில் மட்டும் நாலு பேர் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, நாலு மடியின் மேலும் ஒரு துண்டை விரித்து ரம்மி ஆடினார்கள். ஹபீபா அக்கா தையல் கூடமொன்றில் சூப்பர்வைசர், பெட்டியிலேயே கனமான மனுஷி. ஸ்டெல்லா டெலிபோன் ஆபீஸ், வாய் ஓயாதவள். குமுதவல்லி கோர்ட்டில் டைப்பிஸ்ட், பாயிண்ட் எழுதுவது அவள் வேலை, எதையும் எழுதிப் பார்த்தால்தான் நம்புவாள். நாலாவது ஆள் நம் மங்கையர்க்கரசி, பாடநூல் கிடங்கில் உதவியாளர், நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவள். காசு கிடையாது. இருநூற்றொரு பாயிண்ட்டை முதலில் தொட்டுத் தோற்கிறவள் மறுநாள் எல்லோருக்கும் டிபன் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் பந்தயம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கை சரியில்லை என்று பட்டால் ஆடாமலே கவிழ்த்துவிடலாம், அதுதான் ஸ்கூட். இருபது பாயிண்ட்டோடு தப்பிக்கலாம். ஒரு சீட்டை எடுத்து ஆடத் தொடங்கிவிட்டுக் கவிழ்த்தால் அது மிடில் ஸ்கூட், நாற்பது. கடைசிவரை ஆடி மாட்டிக்கொண்டால் ஃபுல் கவுண்ட், எண்பது வரை போகும். படு மோசமான கையைக் கவிழ்க்க யாரும் யோசிக்க வேண்டாம், பிரமாதமான கையை ஆடவும் யாரும் யோசிக்க வேண்டாம். தொல்லையெல்லாம் நடுவில் வருகிற கையில்தான்: ஜோக்கர் ஒன்று இருக்கும், ஆனால் ஜோக்கர் கலக்காத வரிசை ஒன்றுகூடச் சேர்ந்திருக்காது; கிளாவரில் ஐந்தும் ஆறும் நிற்கும், நாலோ ஏழோ வந்தால் பிழைத்தோம், வராவிட்டால் கெட்டோம். அதற்கு அந்தப் பெட்டியில் ரெண்டுங்கெட்டான் கை என்று பேர். மங்கை அப்படிப்பட்ட கையை முன்பெல்லாம் மூன்றில் ஒன்றாவது ஆடிப் பார்ப்பாள். மார்கழிக்குப் பிறகு ஒன்றைக்கூட ஆடவில்லை.

மார்கழியில் என்ன நடந்தது என்றால், அவளுடைய தங்கை செங்கமலம் ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு எட்டே நாளில் போய்ச் சேர்ந்திருந்தாள், தங்கையின் ஒன்பது வயது மகள் தாரணியைக் கொண்டலூரிலிருந்து கூட்டிவந்து மங்கை தன் வீட்டில் வைத்துக்கொண்டிருந்தாள், நாற்பது நாள் வைத்திருந்து மார்கழிப் பிறப்பன்று திருப்பி அனுப்பிவிட்டாள். அந்த நாற்பது நாளும் அந்தப் பெண் நாலு வார்த்தைகூடப் பேசவில்லை. செத்துப்போன தாயின் பழைய நூல் புடவை ஒன்றைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள், அதில் முகத்தைப் புதைத்துத்தான் தூங்குவாள். சுத்தம் சுத்தம் என்று உயிரை விடுகிற மங்கை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டையெல்லாம் கழுவுகிற வேகத்தில் அந்தப் புடவையையும் எடுத்து, சோப்புத் தூளில் ஊறவைத்து, கசக்கி, நீலம் போட்டு, வெயிலில் காயப் போட்டாள். சாயங்காலம் தாரணி அதை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டுப் பெரியம்மாவின் கையைக் கடித்த கடியில் ரத்தம் வந்தது. மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாவது நாள் மங்கை தங்கை புருஷன் தணிகாசலத்துக்குப் போன் போட்டு, "என்னால முடியல தம்பி, வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. பயந்துவிட்டாள், அவ்வளவுதான். பயந்ததை நினைத்து வெட்கமும் பட்டாள், அந்த வெட்கத்தை யாரிடமும் சொல்லவும் இல்லை.

எடை குறைவது முதலில் தெரிந்தது மருதேரி பிளாட்பாரத்து எடை மெஷினில். சிவப்பும் பச்சையுமாக விளக்கு சுற்றுகிற அந்த மெஷின் ஆறு வருஷமாக அவளை அறுபத்தொரு கிலோ என்றே சொல்லிவந்தது, திடீரென்று ஐம்பத்தேழு என்றது, அடுத்த வாரம் ஐம்பத்தொன்று என்றது. இடுப்பு குறையவில்லை, ரவிக்கை தளரவில்லை, கன்னம் ஒட்டவில்லை, ஆள் அப்படியே இருந்தாள், கனம் மட்டும் இல்லை. மாசி பிறந்தபோது அவள் நடந்தால் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. பங்குனியில் ஒரு நாள் ரயில் சட்டென்று பிரேக் போட, எல்லோரும் முன்னால் சாய, மங்கை மட்டும் மேலே போய் லக்கேஜ் பலகையில் தலையை இடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தாள்.

"என்னாடி இது, சுக்குக் கஷாயம் ஏதாச்சும் குடிக்கிறியா? எனக்கும் சொல்லேன்" என்றாள் ஸ்டெல்லா.

பெட்டி அதை ஒரு வாரம் பேசியது, பிறகு பழகிக்கொண்டது. முதல் மூன்று நாள் பொறாமை, நாலாம் நாள் பரிதாபம், ஐந்தாம் நாளிலிருந்து ஏற்பாடு. பெண்களுக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் அதற்குக் காரணம் தேடுவதைவிட அதற்கு ஒரு இடம் ஒதுக்குவது சுலபமாக இருந்தது. மங்கையை ஹபீபா அக்காவுக்கும் குமுதவல்லிக்கும் நடுவில் உட்கார வைத்தார்கள். ஆற்றுப் பாலம் வரும்போது காற்று அடிக்கும் என்று அவள் முந்தானையை ஜன்னல் கம்பியில் முடிந்தார்கள். கிடங்கிலிருந்து ஏழு பழைய பாடப் புத்தகத்தைத் துணிப்பையில் போட்டு அவள் தோளில் மாட்டினார்கள், எட்டாம் வகுப்பு கணக்குதான் நல்ல கனம் என்று கீரைக்காரம்மாகூடச் சொல்லிவிட்டுப் போனாள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் இறங்க வழி கிடைக்காதபோது அவளைத் தலைக்கு மேலே தூக்கி, கைமாற்றிக் கைமாற்றி, பட்டணத்து ஸ்டேஷனில் வாசல்வரை அனுப்பி வைத்தார்கள், போகிற வழியில் யாராவது அவள் கையில் ஒரு முழம் பூவைக் கொடுத்து "அந்தக் கடைசிப் பொண்ணுகிட்டக் குடுத்துடுங்கக்கா" என்பார்கள். ஆபீசில் சூப்பிரண்டு அவள் மேஜைக்கு மேலிருந்த ஃபேனை நிறுத்திவைத்தார். பரண் மேலே இருக்கிற புத்தகக் கட்டை எடுக்க ஏணி கேட்கிறவர்கள் இப்போது மங்கையைக் கேட்டார்கள். வீட்டுக்காரம்மா ஒட்டடை அடிக்கக் கூப்பிட்டாள்.

ஏன் என்று கேட்டவள் குமுதவல்லி ஒருத்திதான். தன் பாயிண்ட் நோட்டையும் எடை மெஷின் துப்பிய அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் சாத்தனேரி தாண்டியதும் மங்கை கவிழ்த்த சீட்டைக் கேட்காமலே புரட்டினாள்.

"பாருங்கக்கா. இந்தக் கை படுமோசம். இந்த மாதிரிக் கையைக் கவுத்த அன்னிக்கெல்லாம் இவளுக்கு ஒண்ணும் ஆகல. நேத்து கவுத்தது ரெண்டுங்கெட்டான் கை, பக்கத்துல இருந்து பாத்தேன். நேத்து ரெண்டு கிலோ போச்சு. போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான்."

"அப்போ ஆட வேண்டிய கையைக் கவுத்தா போவுதா?" என்றாள் ஹபீபா அக்கா.

"ஆட வேண்டிய கைன்னு யாரு சொல்றது? ஆடவும் செய்யலாம், கவுக்கவும் செய்யலாம்ங்கிற கை. அதைக் கவுத்தாத்தான்."

"ஆடித் தோத்தா?"

குமுதவல்லி நோட்டைப் பின்னாலிருந்து முன்னால்வரை புரட்டினாள். மார்கழிக்கு அப்புறம் மங்கை ஆடித் தோற்றதே இல்லை. அதனால் ஆடித் தோற்றால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

பயந்துபோய் மங்கை சீட்டையே விட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தாள், துண்டின் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் சீட்டு மட்டுமா ஒரு மனுஷிக்கு வருகிறது? கிடங்கில் புதுப் பிரிவு ஒன்று திறந்து, நீ பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டார்கள், "எனக்கெதுக்கு சார்" என்றாள், இரண்டு கிலோ போனது. மாடியில் காற்றோட்டமான பெரிய அறை காலியாகிறது, வருகிறாயா என்றாள் வீட்டுக்காரம்மா, "இதுவே போதும்க்கா" என்றாள், இரண்டு கிலோ போனது. கூடப் படித்தவள் ஒருத்தி பதினெட்டு வருஷம் கழித்து லெட்டர் எழுதி, கோடை விடுமுறைக்கு வா என்றாள், பதிலே எழுதவில்லை, அதற்கும் இரண்டு போனது. சித்திரை முடிந்தபோது அவள் பத்தொன்பது கிலோ இருந்தாள்; வீட்டுக்குள் ஜன்னலை மூடித்தான் உட்கார்ந்தாள்.

வைகாசியில் தணிகாசலம் ஆபீசுக்குப் போன் செய்தான். அவனுக்கு மறு கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவனும் கெட்டவன் இல்லை. களைத்துப்போனவன், களைத்தவனுக்கு எது கிடைத்தாலும் நாற்காலிதான்.

"அண்ணி, புதுசா வந்தவளுக்கும் தாரணிக்கும் ஒத்துவரல. பட்டணத்துல ஒரு ஹாஸ்டல்ல எடம் குடுத்திருக்காங்க. பள்ளிக்கூடம் தொறக்கற அன்னிக்குக் கொண்டுபோய் விட்டுடறேன். அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை உங்களைக் கேட்டுடலாம்னு. நீங்க வெச்சுக்கறீங்களா?"

மங்கைக்கு வா என்று சொல்ல வாய் வந்தது. கூடவே அந்தப் பல் பதிந்த இடமும், சாப்பிடாத மூன்று நாள் தட்டும், தலையணைக்கு அடியில் மணமே இல்லாமல் மடித்துக்கிடந்த புடவையும் வந்தன. "எனக்கு... இப்ப வேணாம் தம்பி. ஹாஸ்டல்லயே நல்லாப் பாத்துப்பாங்க" என்றாள். சொன்னதும் நாற்காலியை விட்டு எழும்பினாள், போனின் சுருள் வயர் இழுத்துப் பிடித்ததால்தான் ஃபேன் கம்பிவரை போகாமல் பாதியில் நின்றாள். அன்று சாயங்காலம் மெஷின் பதினைந்து என்றது.

"நாலா? ரெண்டுதானே போகணும்?" என்றாள் ஸ்டெல்லா மறுநாள்.

"மிடில் ஸ்கூட்" என்றாள் குமுதவல்லி. "நாப்பது நாள் வெச்சிருந்தால்ல. சீட்டு எடுத்துட்டா. எடுத்துட்டுக் கவுத்தா நாப்பது பாயிண்ட்டுதான்."

ஹபீபா அக்கா சீட்டைக் கலைத்துக் கலைத்து அடுக்கிக்கொண்டே இருந்தாள், பிறகு கலைப்பதை நிறுத்திவிட்டு மங்கையின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"நான் இந்த மாதிரிக் கை வந்தா என்னா பாப்பேன் தெரியுமா? எனக்கு முன்னாடி யாரு யாரு கவுத்துட்டாங்கன்னு பாப்பேன். ரெண்டு பேரு கவுத்துட்டா நான் ஆடுவேன். அப்பன் கவுத்துட்டான். வந்தவளும் கவுத்துட்டா. மிச்சம் யாருடி?"

"என்னைப் பாத்தாலே அவளுக்குப் புடிக்காதுக்கா."

"ராஜா ராணியெல்லாம் முதல்ல கழிச்சுடு" என்றாள் ஸ்டெல்லா. "பெரிய சீட்டைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் அவனவன் ஃபுல் கவுண்ட்ல மாட்றான். அவ உன்னை அம்மான்னு கூப்பிடணும், உன் சாம்பாரை மெச்சணும், மடியில வந்து படுக்கணும்னு நீ வெச்சிருக்க பாரு, அதைத் தூக்கிப் போடு. அஞ்சும் ஆறும் போதும் உனக்கு."

"எட்டு கிலோ போனா?" என்றாள் மங்கை. அதைக் கேட்கும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஆடித் தோத்து, ஃபுல் கவுண்ட்ல எட்டு கிலோ போனா? ஏழு கிலோவ வெச்சுக்கிட்டு நான் எப்படிக்கா நடப்பேன்?"

குமுதவல்லி பாயிண்ட் நோட்டை மூடி வைத்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த திங்கட்கிழமை, கொண்டலூரில் பாசஞ்சர் நின்றபோது, தணிகாசலம் ஒரு தகரப் பெட்டியையும் மகளையும் லேடீஸ் பெட்டியில் ஏற்றிவிட்டு, "பட்டணத்துல நான் வந்து இறக்கிக்கறேன்" என்று சொல்லிப் பின் பெட்டிக்கு ஓடினான். தாரணி பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றாள். பெரியம்மா அந்த ரயிலில்தான் வருவாள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதிர் ஜன்னலில் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்தாள். பையைக் கழற்றவில்லை.

மங்கையை அன்று ஹபீபா அக்கா வலுக்கட்டாயமாகத் துண்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். சீட்டு விழுந்தது. மங்கை விரித்துப் பார்த்தாள்: ஒரு ஜோக்கர், கிளாவரில் ஒரு ஜோடி, சேராத மூன்று டைமன், மற்றதெல்லாம் குப்பை. மொத்தத்தில் குப்பையும் இல்லை, சோறும் இல்லை. அவள் கண் சீட்டில் நிற்கவில்லை, எதிர் ஜன்னலில்தான் நின்றது. அந்த முகத்தில் செங்கமலத்தின் நெற்றி இருந்தது, கொஞ்சம் மெலிந்திருந்தாலும் அதே நெற்றி.

ஆற்றுப் பாலம் வந்தது. காற்று வழக்கம்போல ஜன்னல் வழியே புகுந்து பூக்கூடையையும் செய்தித்தாளையும் கலைத்துக்கொண்டு போனது, ரயில் ஒரு குலுங்கு குலுங்கியது, எல்லோரும் குலுங்கினார்கள். தாரணி குலுங்கவில்லை. அவள் பலகையிலிருந்து நாலு விரற்கடை எழும்பி, ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்து, ரொம்ப நாள் பழகிய கையின் நிதானத்தோடு தன்னைத் தானே கீழே இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். அவள் பையிலும் சட்டைப் பைகளிலும் ஏதோ கடகடவென்று உருண்டது. பெட்டியில் வேறு யாரும் பார்க்கவில்லை. மங்கை பார்த்தாள், ஏனென்றால் அந்தப் பெட்டியில் அது எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

அவள் சீட்டைக் கவிழ்க்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை, அப்படியே துண்டின் மேல் போட்டுவிட்டுப் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

தாரணி வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ அனுப்பிச்சதுலேர்ந்து."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அதான் கல்லு வெச்சிருக்கேன்ல."

அஞ்சு மாசமாகத் தன்னை ஹபீபா அக்கா பிடித்துக்கொண்டாள், குமுதவல்லி பிடித்துக்கொண்டாள், கீரைக்காரம்மா வரைக்கும் ஒரு பெட்டியே முந்தானையைப் பிடித்துக்கொண்டது. இந்தப் பெண் கொண்டலூர் ஏரிக்கரையில் தனியாகக் கல் பொறுக்கியிருக்கிறது. கவிழ்த்தால் போவது தன் கனம் மட்டும்தான் என்று மங்கை எண்ணியிருந்தாள். சீட்டில் அப்படித்தான், கவிழ்த்த சீட்டுக்கு என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை.

பட்டணத்து ஸ்டேஷனில் வண்டி நின்றபோது அவள் புத்தகப் பையை மறந்துவிட்டு இறங்கினாள். பதறிப்போய் ஸ்டெல்லா பின்னாலேயே இறங்கி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், மற்ற இரண்டு பேரும் இறங்கினார்கள். தணிகாசலம் வந்து தகரப் பெட்டியை எடுத்தான், மகளின் முதுகிலிருந்து பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

"தம்பி, ஹாஸ்டல் வேணாம். அவ என்கூட வரட்டும்" என்றாள் மங்கை.

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். "அண்ணி, இன்னிக்குச் சேக்கலன்னா அந்த எடம் வேற பொண்ணுக்குப் போயிடும். ஒரு மாசம் கழிச்சு, முடியல, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு நீங்க சொன்னா, ஹாஸ்டலும் கெடையாது, என் வீடும்... என் வீட்டு நெலம உங்களுக்குத் தெரியும். அப்போ இவ எங்க போவா?"

கேள்வி நியாயமானது. மங்கைக்குச் சமைக்கத் தெரியும், துவைக்கத் தெரியும், பிள்ளை வளர்க்கத் தெரியாது. கையில் அவ்வளவுதான் இருந்தது.

"சொல்ல மாட்டேன்" என்றாள். "எவ்ளோ மோசமாப் போனாலும் சொல்ல மாட்டேன்."

"வேணாம்ப்பா" என்றாள் தாரணி. "நான் ஹாஸ்டலுக்கே போறேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் கால் பிளாட்பாரத்தை விட்டுப் போனது. முதுகில் பை இல்லை, சட்டைப் பையில் இருந்த நாலைந்து கல் போதவில்லை, அவள் தணிகாசலத்தின் தோளுக்கு மேலே போய், கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய், கூரைத் தகரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிற இடைவெளியை நோக்கிப் போனாள். கூச்சல் போடவில்லை. இதுவும் ஒரு நாள் நடக்கும் என்று தெரிந்த முகமாகத்தான் இருந்தது. மங்கை குதித்தாள். பதினைந்து கிலோ மனுஷி குதித்தால் நிற்பதில்லை, அவளும் மேலே போனாள், போய் அந்தப் பெண்ணின் கணுக்காலைப் பிடித்தாள், கீழே ஸ்டெல்லா முந்தானையைப் பிடித்தாள், ஸ்டெல்லாவைக் குமுதவல்லி பிடித்தாள், குமுதவல்லியை ஹபீபா அக்கா இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு "யா அல்லா" என்று பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"காலை விடு" என்றாள் தாரணி மேலிருந்து.

"மாட்டேன்."

"நீ விடுவ."

"விட்டேன், ஆமா. பயந்துக்கிட்டு விட்டேன். உங்கம்மா புடவையத் தொவச்சதும் தப்பு, உன்னை அனுப்பினதும் தப்பு. இப்பவும் பயமாத்தான் இருக்கு." மங்கை மூச்சு வாங்கினாள். "நீ பேச வேணாம். என்னைப் புடிக்கவும் வேணாம். கடிக்கறதுன்னா கடி. நான் விட மாட்டேன்."

கீழே போகிற வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்; ஆபீஸ் நேரம், யாருக்கும் நிற்க முடியவில்லை. ஒரு போர்ட்டர் மட்டும் நின்று, முந்தானை கிழியாமல் இழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். கைமாற்றிக் கைமாற்றி இரண்டு பேரையும் இறக்கினார்கள். தணிகாசலம் உறைந்துபோய் நின்றவன், புத்தி வந்து மகளின் பையைத் திறந்தான். நோட்டு இரண்டு இருந்தது. மீதியெல்லாம் ஏரிக்கரைக் கல், ஒன்றைவிட ஒன்று வழவழப்பாக, பொறுக்கி எடுத்த கல்.

"புத்தகம்னு நெனச்சேன்" என்றான் அவன். "தெனம் நான்தான் சைக்கிள்ல மாட்டுவேன். புத்தகம்னே நெனச்சேன்."

தாரணி அவன் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். தரையில் உட்கார்ந்தாள். கால் ஊன்றாமல், ஹபீபா அக்காவின் பிடியில் ஆடிக்கொண்டிருந்த பெரியம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம் தீர்ந்த பார்வை இல்லை அது. ஆனால் பார்த்தாள். பிறகு கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து இரண்டு குவியலாகப் பிரித்தாள், ஒரு குவியல் சின்னதாகத் தெரிந்தது, இன்னொன்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து அதில் வைத்தாள். அந்தக் குவியலை அள்ளி மங்கையின் இரண்டு கையிலும் போட்டாள். மங்கையின் செருப்பு பிளாட்பாரத்தைத் தொட்டு, சத்தம் கேட்டது.

"இது உன்னுது இல்ல" என்றாள் தாரணி. "நாளைக்குக் காலையில எனக்குத் திருப்பித் தரணும்."